பொங்கலன்று நண்பகலில் கரும்பின் விலை

2023 ஜனவரி 15, ஞாயிற்றுக்கிழமை, தைப்பொங்கல். காலை 11 மணிக்கு மதுரை புதூரில் எங்கள் தெருமுனைச் சுவரில் சாத்தி வைத்திருந்த கரும்புகளில் ஏறக்குறைய 200 அப்படியே நின்றன. முந்தைய நாள் 35 ரூபாய்க்குக் கேட்டு வாங்கிப் போன அதே கரும்பை 10 ரூபாய்க்குக் கூவியும் தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லா வீடுகளிலும் பால் பொங்கி, குலவையிட்டு, இலை போடும் நேரமும் வந்துவிட்டிருந்தது. ஆடு வளர்க்கும் பெரியவர் ஒருவர் மட்டும் அருகில் வந்து, "தோகைய மட்டும் வெட்டிக்கிடலாமாம்மா?" என்று கேட்டார். வெட்டிக்கொள்ளச் சொன்னேன்.

நான் ஒரு தனியார் பள்ளியில் 6, 7, 8ஆம் வகுப்புகளுக்குக் கணக்குப் பாடம் எடுப்பவள். இலாப நட்டக் கணக்கை ஆண்டுதோறும் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிற எனக்கு, அந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி அன்றைக்குத் தெருவில்தான் பிடிபட்டது. பண்டிகைக் காலத்துச் சில்லறை வேலைகளையும் வியாபாரங்களையும் நான் 2021இலிருந்து செய்துவருகிறேன். சம்பளம் போதாத எங்களைப் போன்றோர் பலரும் இதில் இறங்குவதால், எங்கே காசு வந்தது, எங்கே போனது என்பதைக் கணக்கோடு எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

தொடக்கம் கொரோனாக் காலம். பள்ளி பாதிச் சம்பளம்தான் கொடுத்தது. கணவருடைய லோடு ஆட்டோவுக்கும் ஓட்டம் குறைந்திருந்தது. 2021ஆம் ஆண்டில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் செப்டம்பர் 1ஆம் தேதியே திறந்துவிட்டன. என் வகுப்புகள் நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. காலையில் ஒன்றரை மணி நேரம் இணைய வகுப்பு எடுத்தால் அதன்பின் நாள் முழுவதும் ஓய்வு. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 4ஆம் தேதி. விளக்குத்தூண், மாசி வீதிகள் பக்கம் இருக்கும் ஜவுளிக்கடைகள் புரட்டாசி பாதியிலேயே தற்காலிக ஆட்களைத் தேடத் தொடங்கிவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். ஒரு பெரிய கடையில் சேலைப் பிரிவில் நாளொன்றுக்கு 400 ரூபாய், மதியச் சாப்பாடு கடையில், தீபாவளிக்கு முதல் நாள் வரை நின்றால் 1,500 ரூபாய் ஊக்கத்தொகை என்று பேசி, அக்டோபர் 8ஆம் தேதி சேர்ந்தேன்.

சேலையை விற்பதைவிட மடிப்பதுதான் அந்த வேலையில் பெரும்பங்கு. ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தால் 30, 40 சேலைகள் விரிந்துவிடும். எழுந்து போகும்போது ஒன்று எடுப்பார்கள், அல்லது "பார்த்துட்டு வர்றோம்" என்பார்கள். 20 ஆண்டுகளாக அதே தளத்தில் நிற்கும் ஓர் அக்கா எனக்கு முதல் நாளே இரண்டு விஷயங்களைச் சொல்லிக்கொடுத்தார். வந்தவர்கள் எழுந்து போவதற்குள் சேலையை மடிக்கத் தொடங்கக் கூடாது, மடித்தால் போகச் சொல்வதாக நினைத்துக்கொள்வார்கள் என்பது ஒன்று. முந்தானையை முதலில் காட்டி, பார்டரைப் பிறகு காட்ட வேண்டும் என்பது மற்றொன்று. "நீ வெலையச் சொல்லாத டீச்சரு, அவுங்களே சீட்டத் திருப்பிப் பாக்கட்டும்" என்று அவர் சொன்னதை நான் கடைசி வாரத்தில்தான் சரியாகக் கடைப்பிடித்தேன். விலைச்சீட்டைத் தாமே திருப்பிப் பார்ப்பவர் பாதி வாங்கிவிட்டவர்.

அந்த ஆண்டு செப்டம்பரில்தான், கடைகளில் வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவரப்பட்டிருந்தது. எங்கள் தளத்திலும் ஒரு முக்காலி வந்து சேர்ந்தது. ஆனால் நான் இருந்த நாள்களில் அதன்மேல் எப்போதும் உடைக்காத பண்டல் ஒன்று இருந்துகொண்டிருந்தது. பத்தாவது நாள் கணுக்கால் இரண்டும் வீங்கிவிட்டன. அதன்பிறகு வீட்டுக்கு வந்ததும் கல்லுப்பு போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

நவம்பர் 1ஆம் தேதி பள்ளி திறக்கும் என்ற அறிவிப்பு வந்தபோது மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். "கூட்டமே இனிமேதானே, இப்பப் போனா எப்படி?" என்றார். அக்டோபர் 31ஆம் தேதி இரவோடு நின்றுவிட்டேன். 24 நாள்களுக்கு 9,600 ரூபாய் வர வேண்டும். பாதியில் நின்றவள் என்பதால் ஊக்கத்தொகை இல்லை. சீருடைச் சேலைக்கு 600 ரூபாய் பிடித்தார்கள். அதைவிட வேடிக்கை, கடை ஊழியருக்குத் தள்ளுபடி என்ற ஆசையில் அம்மாவுக்கும் மாமியாருக்கும் எனக்குமாக நான் கணக்கில் எடுத்த துணிக்கு 2,850 ரூபாய் போனது. கைக்கு வந்தது 6,150 ரூபாய், அதுவும் நவம்பர் 22ஆம் தேதி, மூன்று முறை போய்க் கேட்ட பிறகு. காலையில் போவதற்கு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இரவு பத்தரை மணிக்குத் திரும்புவதற்குப் பகிர்வு ஆட்டோவில் நாளுக்கு 40 ரூபாய் என 960 ரூபாய் செலவு. மிச்சம் 5,190. பண்டிகைக்கு உதவும் என்று செய்த வேலையின் கூலி, பண்டிகை முடிந்து 18 நாள் கழித்து வந்தது. தீபாவளிச் செலவுக்கு நான் வாங்கிய கைமாற்றை அடைக்கத்தான் அது பயன்பட்டது.

இந்தக் கடையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பேசிக்கொள்ளாதது என் தவறுதான். அதன்பின் கூலி வேலை எதற்குப் போனாலும் முதல் நாளே மூன்றைக் கேட்டுவிடுகிறேன்: என்னால் எந்தத் தேதி வரை வர முடியும், அதற்கு முன் நிறுத்தினால் எது கிடைக்காது, கூலி வாரக் கணக்கா மொத்தக் கணக்கா. சனிக்கிழமைதோறும் கணக்குத் தீர்க்கும் இடமாக இருந்தால் நாளுக்கு 50 ரூபாய் குறைவாக இருந்தாலும் அதையே தேர்ந்தெடுப்பேன். வந்த நேரம், போன நேரம் இரண்டையும் என் கையால் ஒரு நோட்டில் எழுதி, முடிந்தால் மேற்பார்வையாளரிடம் வாரம் ஒரு கையொப்பம் வாங்கிக்கொள்கிறேன். இன்னொன்றும் பின்னால் தெரிந்தது: 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், அது பொருந்தும் நிறுவனங்களில், கணக்கு ஆண்டில் 30 வேலை நாள்களாவது வேலை பார்த்தவருக்குக் குறைந்தது 8.33 விழுக்காடு போனஸ் உண்டு என்றது. நான் பார்த்தது 24 நாள். தீபாவளிக்கு ஒன்றரை மாதம் முன்பே சேர்ந்தவர்கள் இப்போதைய விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கூலிக்கு நின்றால் இப்படித்தான், நம் கையில் ஒரு வியாபாரம் இருந்தால் அன்றன்றைக்குக் காசு பார்க்கலாம் என்ற எண்ணத்தில்தான் கரும்புக்கு வந்தோம். சொந்த லோடு ஆட்டோ இருந்தது, தெருமுனை இருந்தது, மேலூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவரைக் கணவருக்குத் தெரியும். பொங்கல் கரும்பு பத்து மாதப் பயிர். கோடையில் நட்டு, காய்ந்த இலையான சோகையை உரித்து, சாயாமல் கட்டி வளர்த்து, மார்கழிக் கடைசியில் வெட்டுவார்கள். ஆலைக் கரும்புக்கு இருப்பதுபோல இதற்கு வேறு போக்கிடம் கிடையாது. பத்து மாத உழைப்பை நான்கைந்து நாளுக்குள் விற்றாக வேண்டும். அந்த அவசரம் விவசாயியிடமிருந்து அப்படியே வியாபாரிக்கு மாறிவிடுகிறது என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

முந்தைய இரண்டு பொங்கலுக்கும் அரசு ரேஷன் கடைகளில் முழுக் கரும்பு கொடுத்திருந்தது. 2022 டிசம்பர் 22ஆம் தேதி வந்த பொங்கல் பரிசுத் தொகுப்பு அறிவிப்பில் 1,000 ரூபாய், ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை மட்டுமே இருந்தன, கரும்பு இல்லை. இந்த ஆண்டு எல்லாரும் வெளியில்தான் வாங்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டு, இரண்டு நாள் கழித்து மேலூருக்குப் போய், 40 கட்டுக்கு விலை பேசி 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தோம். எங்கள் பக்கம் கட்டுக்கு 15 கரும்பு. கட்டு 270 ரூபாய். விவசாயிகளிடமிருந்து கடும் எதிர்ப்பு கிளம்பவே, டிசம்பர் 28ஆம் தேதி அரசு முழுக் கரும்பையும் தொகுப்பில் சேர்த்துவிட்டது. வெட்டுக் கூலி, வண்டி வாடகை எல்லாம் உட்பட ஒரு கரும்புக்கு அதிகபட்சம் 33 ரூபாய், உயரம் 6 அடிக்குக் குறையக் கூடாது என்று கொள்முதல் விதி வந்தது.

எதிர்த்துக் குரல் கொடுத்த விவசாயிகளின் பக்கம்தான் நியாயம் இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே அறிவிப்பு எங்களை இரண்டு வழிகளில் அடித்தது. ஜனவரி 9ஆம் தேதி முதல் அரிசி அட்டை வைத்திருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கரும்பு இலவசமாக வந்துவிட்டது. இரண்டு வாங்குகிற வீடு ஒன்று வாங்கியது, ஒன்று வாங்குகிற வீடு வாங்கவே இல்லை. அடுத்தது, 6 அடிக்கு மேல் நெடுநெடுவென்று வளர்ந்த கரும்பெல்லாம் கொள்முதலுக்குப் போய்விட, எங்களுக்கு வந்த கட்டுகளில் குட்டையும் கோணலும் கலந்திருந்தன. விவசாயி பேச்சு மாறாமல் பேசிய விலைக்கே கொடுத்தார். எந்த உயரக் கரும்பு என்று நாங்கள் பேசவில்லை, கேட்கவும் வழியில்லை.

கணக்கு இதுதான். கரும்பு 10,800, வெட்டு மற்றும் கட்டுக் கூலி 600, வண்டிக்கு டீசலும் ஏற்றி இறக்கியவர்களுக்குக் கூலியுமாக 1,500, இடத்துக்கு 300, மூன்று நாள் தேநீர், சாப்பாடு 600, ஆக மொத்தம் 13,800 ரூபாய். ஜனவரி 13ஆம் தேதி 70 கரும்பு 40 ரூபாய்க்குப் போனது. போகியன்று 210 கரும்பு 35 ரூபாய்க்கு. பொங்கலன்று விடியற்காலையிலிருந்து 10 மணி வரை 120 கரும்பு 30 ரூபாய்க்கு. அதற்கு மேல் 80 கரும்பு 10 ரூபாய்க்கு. வரவு 14,550. இரண்டு பேர் மூன்று நாள் வெயிலிலும் பனியிலும் நின்றதற்கு 750 ரூபாய். மிஞ்சிய 120 கரும்பைத் தெருக் குழந்தைகளுக்குக் கொடுத்தது போக, மாட்டுப் பொங்கலன்று ஒரு கொட்டிலுக்கு ஏற்றி அனுப்பினோம். மாடுகளுக்காவது அது நல்ல பொங்கல்.

இத்தனைக்கும் நடுவே, நாங்கள் பொருட்டாகவே எண்ணாத ஒன்று 2,740 ரூபாய் கொடுத்தது. ஜனவரி 13ஆம் தேதி விடியும் முன் மாமியாரும் நானும் கடச்சனேந்தல் தாண்டித் தரிசு நிலங்களில் சிறுபீளையும் ஆவாரம்பூவும் பறித்து, வேப்பிலை, மாவிலை சேர்த்து, போகியன்று வீட்டு வாசலில் கட்டும் காப்புக்கட்டுக் கொத்துகளாகக் கட்டியிருந்தோம். கரும்பு வாங்க வருபவருக்குக் கொசுறாகக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். "கொசுறு குடுத்தா மதிக்க மாட்டாக, இருபது ரூவான்னு வையி" என்று மாமியார் சொன்னார். 140 கொத்து 20 ரூபாய்க்குப் போனது. சணல் கயிற்றுக்கு 60 ரூபாய் செலவு. கொத்திலும் பத்துப் பதினைந்து விற்காமல் வாடிப்போயின. அதற்காக யாரும் வருந்தவில்லை. ஒரு விடியற்காலை நடையைத் தவிர அதில் நாங்கள் போட்டது ஒன்றுமில்லை.

அன்றிரவு நோட்டில் இரண்டு கணக்கையும் அடுத்தடுத்து எழுதியபோதுதான் எனக்கு விளங்கியது. பண்டிகை வியாபாரத்தில் நாங்கள் எப்போதும் எத்தனை விற்கும் என்றே கேட்டோம். மறுநாள் காலையில் மீந்திருப்பதற்கு என்ன மதிப்பு என்று கேட்கவே இல்லை. பொங்கல் முடிந்த கரும்பு, ஆயுத பூசை முடிந்த திருஷ்டிப் பூசணி, விநாயகர் சதுர்த்தி முடிந்த எருக்கம்பூ மாலை எல்லாம் ஒரே நாளில் குப்பையாகிவிடுபவை. அவற்றில் இறங்கவே கூடாது என்பதில்லை. ஆனால் முன்பணம் கொடுத்து, முழுச் சரக்கையும் நம் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்குவது எங்களைப் போல மூன்று நாள் வியாபாரிக்குப் பொருந்தாது. ஆண்டு முழுவதும் தெருவில் இருப்பவருக்கு ஓரிடத்தில் போனது இன்னோரிடத்தில் வரும். நமக்கு அடுத்த இடம் அடுத்த பொங்கல்தான்.

மீந்தால் கெடாத பொருள் எது என்று தேடிப் போனதில் கோலப்பொடி கிடைத்தது. டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்ததும் தொடங்கி மாட்டுப் பொங்கல் வரை ஒரு மாதம் அதற்குத் தேவை இருக்கிறது. வண்ணப் பொடியை மொத்தக் கடையில் கிலோ கணக்கில் எடுத்து, சிறு பொட்டலங்களாகக் கட்டி, மாலையில் பள்ளி விட்டு வந்தபின் வாசலில் ஒரு மேசை போட்டு விற்கிறேன். முதல் மார்கழியில் 2,400 ரூபாய் போட்டு 3,900 ரூபாய் எடுத்தேன். அது போக 6 கிலோ பொடி தகர டப்பாவில் இருந்தது. சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஓடிவிடும். ஊதாதான் எப்போதும் மீந்துபோகிறது. பனியில் கட்டிதட்டிவிடும் என்பதால் டப்பாவை நன்றாக மூடிவைத்து, வாரம் ஒருமுறை வெயிலில் உலர்த்திச் சலிக்க வேண்டும். அவ்வளவுதான் பராமரிப்பு. அடுத்த ஆண்டு மார்கழி முதல் நாளில் அந்த ஊதாவும் சேர்ந்துதான் கடை திறந்தது.

சித்திரை, வைகாசியில் கூழ் வற்றலும் மோர்மிளகாயும் போடுகிறோம். இதுவும் மீந்தால் நட்டமில்லாத பொருள். நன்றாகக் காய்ந்திருந்தால் ஐப்பசி வரை விற்கலாம். இதில் சிக்கல் மீதி அல்ல, கோடை மழை. ஒருமுறை மாடியில் காயவைத்த 5 கிலோ மாவின் வற்றல் மாலை நான்கு மணி மழையில் மறுபடியும் கூழாகிவிட்டது. அதிலிருந்து ஒரே நாளில் 2 கிலோவுக்கு மேல் பிழிவதில்லை. உணவுப் பொருளை வீட்டிலிருந்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். நான் பதிவு செய்தபோது சிறு விற்பனையாளருக்குக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். பதிவு எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட்ட பிறகு பக்கத்து மளிகைக்கடையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன் வேண்டாம் என்றவர்கள்.

தீபாவளி முறுக்கும் அதிரசமும் கரும்பின் இனம். தீபாவளி மறுநாள் யாரும் பலகாரத் தட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே முன்கூட்டிச் சொன்னவருக்கு மட்டும், பாதித் தொகை கையில் வந்தபின் மட்டும் செய்கிறோம். உறவுக்காரர்களிடம் முன்பணம் கேட்பது முதல் ஆண்டு கூச்சமாக இருந்தது. 3 கிலோ அதிரசம் சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்ட சொந்தக்காரர் ஒருவர் அந்தக் கூச்சத்தைப் போக்கினார்.

பட்டாசைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் கேட்பது அதைத்தான். 2022இல் கொழுந்தன், சிவகாசியிலிருந்து கிஃப்ட் பெட்டிகளை மொத்தமாக எடுத்து வந்து வீட்டிலேயே வைத்துத் தெரிந்தவர்களுக்கு விற்கலாம், பெட்டிக்குப் பாதிக்குப் பாதி கிடைக்கும் என்று திட்டம் போட்டார். விசாரித்தபோது தற்காலிகக் கடைக்கும் உரிமம் வேண்டும் என்று தெரிந்தது. 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்படி கொட்டகை தீப்பற்றாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். கடைக்கும் கடைக்கும் 3 மீட்டர் இடைவெளி, குடியிருப்பு போன்றவற்றிலிருந்து 50 மீட்டர் தொலைவு வேண்டும். எங்கள் தெருவின் மொத்த நீளமே அவ்வளவு வருமா என்பது சந்தேகம். இணையவழியில் பட்டாசு விற்பதை 2018இலேயே உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது. சமையலறைப் பரணில் பட்டாசுப் பெட்டியை அடுக்கிவைத்துச் சம்பாதிக்கும் காசு வேண்டாம் என்று மாமியார் ஒரே வரியில் முடித்துவிட்டார். கொழுந்தன் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை.

பள்ளியிலோ அலுவலகத்திலோ நிரந்தர வேலையில் இருப்பவர்கள் தங்கள் பணி ஆணையை ஒருமுறை எடுத்துப் படித்துவிட வேண்டும். என் ஆணையில், நிர்வாகத்தின் அனுமதியின்றி வேறு ஊதியப் பணி பார்க்கக் கூடாது என்ற வரி இருந்ததை ஜவுளிக்கடைக்குப் போய்வந்த பிறகுதான் கவனித்தேன். இப்போது கோடை விடுமுறையில் நடத்தும் கணக்கு வகுப்புக்கும் ஏப்ரலிலேயே கடிதம் கொடுத்துவிடுகிறேன். 11 பிள்ளைகள், தலைக்கு 600 ரூபாய், 30 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். செலவு சுண்ணக்கட்டி மட்டுமே. மணிக்கணக்கில் பார்த்தால் நான் செய்ததிலேயே அதிகம் கொடுப்பது இதுதான். இருந்தும் கரும்பில் 750 ரூபாய் வந்த ஆண்டை வீட்டில் பேசுவதுபோல இதை யாரும் பேசுவதில்லை.

கரும்பையும் நாங்கள் விட்டுவிடவில்லை. 2024 பொங்கலுக்கு முன்பணம் இல்லாமல், வெட்டும்போது பணம் என்ற பேச்சில் 10 கட்டு மட்டும் எடுத்தோம். போகியன்று காலையில் இறக்கி, கோலப்பொடியும் காப்புக்கட்டும் மஞ்சள் கொத்தும் ஒரே மேசையில் வைத்தோம். பொங்கலன்று காலை 8 மணிக்குக் கடைசிக் கரும்பு போய்விட்டது. கரும்பில் மட்டும் 2,000 ரூபாய்க்குச் சற்று மேல் நின்றது. முந்தைய ஆண்டு 40 கட்டில் கிடைத்ததைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். மீந்த மஞ்சளைக் கழுவி, வேகவைத்துக் காயவைத்து அரைத்து வீட்டுக்கு வைத்துக்கொண்டோம்.

சென்ற மார்கழியில் அந்த மேலூர் விவசாயி அலைபேசியில் அழைத்தார். "இந்த வருஷம் எத்தனை கட்டும்மா?" என்று கேட்டார். "ரேஷன்ல என்ன குடுக்குறாகன்னு சொல்லட்டும்ணே, அப்புறம் சொல்றேன்" என்றேன். "நானும் அதுக்குத்தாம்மா காத்துக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, சோகை உரிக்கும் ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று இணைப்பைத் துண்டித்தார்.